சான் தெனி நிலவறை: மரியாதை செய்தவர்களும் பட்டியல் எழுதியவர்களும்

பாரிஸுக்கு வடக்கே இருக்கும் சான் தெனி பேராலயத்தைப் பற்றி எங்கே படித்தாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும், கதை மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. "ஆயிரம் வருஷத்துக்கு மேல பிரெஞ்சு ராஜாக்களை இங்கதான் புதைச்சாங்க. 1793ல புரட்சிக்காரங்க எல்லாத்தையும் தோண்டி எறிஞ்சாங்க. 1817ல மறுபடியும் எடுத்து மரியாதையா உள்ள வெச்சாங்க."

தேதிகள் சரி. சம்பவங்களும் நடந்தவைதான். ஆனாலும் இந்த மூன்று வரிக் கதையோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. 1793க்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, நடுவில் கலைந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது என்ற எண்ணத்தை அது நம் தலையில் ஏற்றிவிடுகிறது. நான் படித்துப் பார்த்த வரையில் நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு. அந்த நிலவறையில் யார் எங்கே கிடக்கிறார் என்ற தகவலைக் குழப்பியவர்களில் பாதிப் பேர் ராஜாக்கள்மேல் பக்தி வைத்தவர்கள். அதைத் தேதி வாரியாக எழுதி வைத்தது, அவர்களைத் தோண்டி எடுத்த அந்த இரண்டு வாரத்தில்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். தெனி என்பவர் பாரிஸின் முதல் ஆயராகச் சொல்லப்படும் 3ஆம் நூற்றாண்டு மறைசாட்சி. அவர் கல்லறைமேல் எழுந்த கோயிலில், 639இல் இறந்த தகோபெர் மன்னர் புதைக்கப்பட்டார். 12ஆம் நூற்றாண்டில் சுழே என்ற மடாதிபதி கோயிலின் கிழக்குப் பகுதியை இடித்துக் கட்டினார். 1144இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தப் பகுதியைத்தான் கோதிக் கட்டடக்கலையின் தொடக்கம் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. 987இல் ஆட்சிக்கு வந்த ஹ்யூக் கப்பேயிலிருந்து கணக்கெடுத்தால், பிரெஞ்சு மன்னர்களில் ஏறக்குறைய எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். முடி சூட ரெய்ம்ஸ், மண்ணுக்குள் போக சான் தெனி என்பது வழக்கமாகிவிட்டது. இன்னொன்று: இது பல நூற்றாண்டுகள் மடாலயக் கோயிலாகத்தான் இருந்தது. பேராலயம் என்ற தகுதி 1966இல் வந்தது.

1260களில் ஒரு திருத்தம்

இன்று கோயிலுக்குள் போனால் தரைமட்டத்துக்குச் சற்று மேலே கல் மன்னர்களும் அரசிகளும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். தலையில் முடி, கைகள் நெஞ்சருகே, காலடியில் நாயோ சிங்கமோ. எழுபதுக்கும் மேற்பட்ட சிலைகளும் நினைவுச் சின்னங்களும் உள்ளன. பார்ப்பவர் "ஓ, இவர்தான் பெப்பன், இவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்" என்று நினைப்பது இயல்பு.

பெப்பன் இறந்தது 768இல். சிலை செதுக்கியது 1260களில். நடுவில் சுமார் ஐந்நூறு வருஷம்.

இந்த வேலையைச் செய்ய வைத்தவர் 9ஆம் லூயி, பிற்பாடு புனிதர் பட்டம் பெற்றவர். அவர் பழைய மன்னர்கள், அரசிகளின் எச்சங்களை இடம் மாற்றி, 16 கிடந்த கோலச் சிலைகளைச் செய்யச் சொன்னார். அவை அமைந்த வரிசையைப் பாருங்கள். தெற்குப் பக்கம் மெரொவிஞ்சிய, கரோலிஞ்சிய வம்சத்தவர். வடக்குப் பக்கம் கப்பே வம்சத்தவர். நடுவில் 2ஆம் பிலிப்பும் 8ஆம் லூயியும், அதாவது 9ஆம் லூயியின் தாத்தாவும் அப்பாவும். 8ஆம் லூயிக்குத் தாய்வழியில் கரோலிஞ்சிய ரத்தம் உண்டு என்பது அந்தக் காலத்தில் பெருமையாகப் பேசப்பட்ட விஷயம். கப்பே குடும்பம் அரியணையைப் பிடுங்கிக்கொண்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, இரண்டு ஆறும் நடுவில் வந்து ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று கல்லில் காட்டியாகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் ஷார்ல் மார்த்தெல். அவர் அரண்மனை நிர்வாகி. அதிகாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது, ஆனால் அவர் ஒருநாளும் மன்னராக முடி சூடிக்கொள்ளவில்லை. சான் தெனியில் அவருக்குச் செதுக்கிய சிலையின் தலையில் முடி இருக்கிறது! உயிரோடு இருந்தபோது கிடைக்காத பதவி உயர்வு, செத்து ஐந்நூறு வருஷம் கழித்துக் கிடைத்தது.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: மைக்ரேஷன். பழைய டேட்டாபேஸில் இருந்ததைப் புதியதற்கு மாற்றும்போது, பொருந்தாத பதிவுகளை நமக்கு வேண்டிய மாதிரி "சரி" செய்துவிடுவது. செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார். ஆனால் அதன் பிறகு வருகிறவன் பார்ப்பது மூலத் தகவல் அல்ல, திருத்திய தகவல்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 9ஆம் லூயி அந்தச் சிலைகளைச் செய்திருக்காவிட்டால் அந்தப் பழைய பெயர்களில் பல அந்தக் கோயிலிலிருந்தே மறைந்து போயிருக்கலாம். பெயர்களைக் காப்பாற்றினார், ஒப்புக்கொள்கிறேன். அவரவர் கிடந்த இடத்தையும் அவரவர் தகுதியையும் உள்ளபடி விட்டுவைக்கவில்லை என்பதுதான் என் விமர்சனம்.

பூர்போன்களின் பெயரில்லாத அறை

16ஆம் நூற்றாண்டில் கதை வேறு திசையில் போகிறது. 12ஆம் லூயி, 1ஆம் பிரான்சுவா, 2ஆம் ஹென்றி ஆகியோருக்குப் பெரிய பெரிய பளிங்கு மண்டபங்கள். மேலே மன்னரும் அரசியும் உயிரோடு மண்டியிட்டு ஜெபிப்பார்கள், கீழே அதே இருவரும் பிணமாகக் கிடப்பார்கள். பிணத்தின் வயிற்றில் பதப்படுத்துவதற்காகத் தைத்த தையல் வரைக்கும் காட்டிய சிற்பம்கூட அங்கே உண்டு.

அடுத்து வந்த பூர்போன் வம்சம் இதை அப்படியே நிறுத்திவிட்டது. 1610இல் கொல்லப்பட்ட 4ஆம் ஹென்றியிலிருந்து 15ஆம் லூயி வரைக்கும் யாருக்கும் மேலே சின்னம் கிடையாது. கோயில் தரைக்கு அடியில் ஒரு நிலவறை. அதில் இரும்புத் தாங்கிகள்மேல் ஈயச் சவப்பெட்டிகள் வரிசையாக. அவ்வளவுதான். வெர்சாய் அரண்மனையைக் கட்டிய 14ஆம் லூயிக்குச் செத்த பிறகு ஒரு சிலைகூட இல்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக இறந்த மன்னரின் பெட்டியை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். அடுத்த மன்னர் சாகும் வரை அவர் நிலவறையின் வாசலிலேயே காத்திருப்பார். அடுத்தவர் வந்ததும் இவர் உள்ளே போவார். 1774இல் இறந்த 15ஆம் லூயி அந்த வாசலில் காத்திருந்தார். அடுத்தவர் வரவில்லை. 16ஆம் லூயியை 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டினில் வெட்டி, பாரிஸிலேயே மத்லேன் இடுகாட்டில் சுண்ணாம்போடு புதைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 1793

1793 ஜூலை கடைசியில் பரேர் என்ற உறுப்பினர் தேசிய மாநாட்டில் ஓர் அறிக்கை வைத்தார். முடியாட்சி விழுந்த முதல் ஆண்டு நிறைவான ஆகஸ்ட் 10ஐ ஒட்டி சான் தெனியின் அரச கல்லறைகளை அழிக்க வேண்டும் என்று முடிவானது. ஆகஸ்ட் 6 முதல் 8 வரை மூன்றே நாளில் 51 சின்னங்கள் பிரிக்கப்பட்டன அல்லது உடைக்கப்பட்டன. பிறகு அக்டோபர் 12 முதல் 25 வரை சவப்பெட்டிகள். பூர்போன் நிலவறையில் மட்டும் 54 பெட்டிகள். போர்க்காலம் ஆனதால் ஈயம் தேவைப்பட்டது. பெட்டிகளை உருக்கித் தோட்டா செய்யலாம். உடல்கள் கோயிலின் வடக்குப் பக்கம் தோண்டிய பெரிய குழிகளில் போடப்பட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டப்பட்டது.

முதலில் திறந்த பெட்டி தூரென் என்ற தளபதியுடையது. அடுத்து 4ஆம் ஹென்றி. 183 வருஷம் கழித்தும் உடல் கெடாமல் இருந்ததால் மக்கள் பார்க்க வெளியே வைத்தார்கள். 14ஆம் லூயியின் உடல் மை போலக் கறுத்திருந்தது. வாசலில் காத்திருந்த 15ஆம் லூயியை எடுத்த தேதி அக்டோபர் 16. அதே நாளில்தான் பாரிஸில் மரி அந்துவானெத் கில்லட்டினில் வெட்டப்பட்டார்.

இந்த விவரமெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் மூன்று வரிக் கதை ஒரு முக்கியமான ஆளை விட்டுவிடுகிறது. ழெர்மேன் புவாரியே என்ற பெனடிக்டைன் துறவி, ஆவணக் காப்பாளர், அப்போது நினைவுச் சின்னங்களுக்கான குழுவில் இருந்தார். தோண்டும் இடத்தில் இருந்து கவனிக்க அவர் அனுப்பப்பட்டார். எந்த நாள், எந்தப் பெட்டி, யாருடையது, எந்த நிலையில், உள்ளே என்ன இருந்தது என்று குறிப்பு எழுதப்பட்டது. 5ஆம் ஷார்லின் கல்லறையில் முடியும் செங்கோலும் கிடைத்தது நமக்குத் தெரிவது அப்படிப்பட்ட குறிப்புகளால்தான். இப்படி நேரில் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்றைத்தான் ஷத்தோப்ரியான் 1802இல் வெளியிட்ட தன் "கிறிஸ்தவத்தின் மேதைமை" நூலின் பின்குறிப்புகளில் சேர்த்தார்.

சர்வரை அழிக்க வந்தவர்களே கூடவே லாக் எழுத ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. அழித்தது அழித்ததுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உடல்களைக் கலந்துவிட்டார்கள், அதை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது. ஆனால் "புரட்சிக்காரங்க" என்று ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் கட்டிவிட்டால், அதே அரசாங்கத்தின் சார்பில் நோட்டுப் புத்தகத்தோடு குழி ஓரம் நின்ற துறவியும் மறைந்துபோகிறார். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் 1817இல் எழுதிய பெயர்ப் பலகைக்கு ஆதாரம் ஏது?

கல் சிலைகள் பிழைத்ததும் இதே அரசாங்கத்தின் இன்னொரு கையால்தான். அலெக்சாந்தர் லெனுவார் அவற்றில் முடிந்ததைப் பாரிஸுக்கு வண்டியில் ஏற்றி, 1795இல் திறந்த பிரெஞ்சு நினைவுச் சின்ன அருங்காட்சியகத்தில் வைத்தார். மன்னர் என்று சொன்னால் உடைப்பார்கள், கலைப்பொருள் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்பதுதான் அவர் கண்டுபிடித்த வழி.

திரும்ப வந்தது எது?

1815இல் 18ஆம் லூயி தன் அண்ணன் 16ஆம் லூயியையும் மரி அந்துவானெத்தையும் மத்லேன் இடுகாட்டில் தேடி எடுத்தார். ஜனவரி 21, அண்ணன் இறந்த அதே தேதியில், சான் தெனி நிலவறைக்குக் கொண்டுவந்தார்கள். ஷத்தோப்ரியான் தன் நினைவுக் குறிப்புகளில், எடுத்த மண்டையோட்டைப் பார்த்ததும், முன்பு வெர்சாயில் அரசி தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டதாக எழுதுகிறார். உரைநடையில் அவர் பெரிய ஆள், சந்தேகமில்லை. ஆனா மண்டையோட்டில் ஏதுங்க சிரிப்பு? மரியாதை எழுதும் வரலாறு இப்படித்தான் இருக்கும்: படிக்கும்போது கண் கலங்கும், சரிபார்க்கப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. அதே ஆளின் இன்னொரு நூலின் பின்குறிப்பில் சத்தமில்லாமல் கிடக்கும் 1793 குறிப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

1817 ஜனவரியில் வடக்குப் பக்கக் குழிகளைத் திறந்தார்கள். சுண்ணாம்பும் 23 வருஷமும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எது தகோபெர், எது 14ஆம் லூயி என்று சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் சேர்த்து நிலவறைக்குள் ஓர் எலும்பறையில் வைத்து மூடினார்கள். வெளியே பளிங்குப் பலகைகளில் எல்லோருடைய பெயரையும் பொறித்தார்கள்.

ஆகவே இன்று மேலே படுத்திருக்கும் கல் மன்னர்களுக்குக் கீழே யாரும் இல்லை. எல்லாம் காலி. போதாததற்கு அந்தச் சிலைகளும் பல தடவை இடம் மாறின. லெனுவாரின் அருங்காட்சியகம் 1816இல் மூடப்பட்டதும் அவை சான் தெனிக்குத் திரும்பின. தெப்ரே என்ற கட்டடக்கலைஞர் அவற்றைக் கால வரிசைப்படி நிலவறைக்குள் அடுக்கினார். பிறகு வந்த வியோலே-லெ-துய்க் அவற்றை மறுபடி மேலே கொண்டுபோய்ப் பழைய இடங்களுக்கு அருகில் வைத்தார். ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள்.

இதையெல்லாம் வைத்து என் தீர்ப்பு: சான் தெனியிலேயே மிக நேர்மையான சின்னம் அந்த 1817 பெயர்ப் பலகைதான். சுற்றுலாப் பயணிகள் அதன் முன் அரை நிமிஷம்கூட நிற்பதில்லை. பார்க்க அழகாக ஒன்றும் இல்லைதான். ஆனால் அது சொல்வதைக் கவனியுங்கள்: "இவர்கள் எல்லோரும் இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார்கள்." அவ்வளவுதான். எந்த எலும்பு யாருடையது என்று அது சொல்லவில்லை. யாருக்கும் தனி முகமோ தனி முடியோ கொடுக்கவில்லை. ஒருவேளை வேறு வழியில்லாமல் வந்த நேர்மையாக இருக்கலாம். இருந்தாலும் நேர்மை நேர்மைதான்.

டி.என்.ஏ. வந்த பிறகு

"பழைய கதைதானே, இதனால் இப்ப என்ன?" என்று கேட்கலாம். இரண்டு சமீபத்திய வழக்குகளைப் பாருங்கள்.

ஒன்று இதயம். 16ஆம் லூயியின் மகன், பத்து வயதுச் சிறுவன், 1795 ஜூன் 8 அன்று சிறையில் இறந்தான். பிரேதப் பரிசோதனை செய்த பெல்தான் என்ற மருத்துவர் இதயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அது பல கை மாறி 1975இல் சான் தெனிக்கு வந்தது. 2000இல் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சோதனை. மரி அந்துவானெத்தின் தலைமுடியோடும் அவருடைய தாய்வழி உறவினர்களோடும் ஒத்துப்போனது. 2004 ஜூன் 8 அன்று இதயம் முறைப்படி நிலவறையில் வைக்கப்பட்டது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டும் சொல்லும். அந்தத் தாயின் பிள்ளை என்று சொல்லும், எந்தப் பிள்ளை என்று சொல்லாது. 1789இலேயே இறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். இவனா அவனா என்பதை ஆய்வுக்கூடம் தீர்க்காது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற காகித வரலாறுதான் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று தலை. 4ஆம் ஹென்றியுடையது என்று சொல்லப்பட்ட பதப்பட்ட தலை ஒன்று, 1919இல் பாரிஸ் ஏலத்தில் 3 பிராங்குக்கு விலைபோனது. 2010இல் பிலிப் ஷார்லியே குழு மூக்கருகே இருந்த மச்சம், காதில் துளை, முகத்தில் ஆறிய காயம் ஆகியவற்றை வைத்து அது ஹென்றிதான் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதியது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. 2013இல் வேறொரு குழு, உயிரோடு இருக்கும் பூர்போன் வம்ச ஆண்கள் மூவரின் ஒய் குரோமோசோமைச் சோதித்தது. மூவரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனார்கள். தலையிலிருந்து எடுத்ததாகச் சொன்ன மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. மறுப்பு தலைப்புச் செய்தி ஆகவில்லை, வழக்கம்போல.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், 1793 குறிப்புகளில் ஹென்றியின் உடலைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள், தலையை வெட்டினார்கள் என்ற செய்தி மட்டும் அவற்றில் இல்லை. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு நுட்பமான கருவி இருந்தாலும், பெட்டிமேல் ஒட்டிய லேபிளை யார் ஒட்டினார்கள் என்று தெரியாவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

யாரும் தேடாத அரசி

கடைசியாக ஒருவர். 1959இல் மிஷெல் ஃப்ளூரி என்ற தொல்லியலாளர் இந்தக் கோயில் தரைக்குக் கீழே ஒரு கல் சவப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பட்டும் பொன்னுமாக ஒரு பெண். விரலில் மோதிரம். மோதிரத்தில் "அர்னெகுண்டிஸ்" என்று பெயர். 6ஆம் நூற்றாண்டு மன்னர் 1ஆம் க்ளோத்தேரின் மனைவி அர்னெகுண்ட் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். தகோபெருக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்தவர். அவர் நகைகள் இப்போது சான்-ழெர்மேன்-ஆன்-லே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவர் அங்கே இருப்பது 9ஆம் லூயிக்குத் தெரியாது, அதனால் சிலை வைக்கவில்லை. புரட்சிக்காரர்களுக்குத் தெரியாது, அதனால் தோண்டவில்லை. 18ஆம் லூயிக்குத் தெரியாது, அதனால் பலகையில் பொறிக்கவும் இல்லை. யாருடைய மரியாதையும் கோபமும் அவரைத் தொடவில்லை. அதனால்தான் பெயரும் உடலும் ஒன்றாகவே இருந்தன.

சான் தெனிக்குப் போகிறவர்கள் மேலே கல் முகங்களைத் தாராளமாகப் பாருங்கள், அவை உண்மையிலேயே அருமையான சிற்பங்கள். ஆனால் அவை 13ஆம் நூற்றாண்டு எதை நம்ப விரும்பியது என்று சொல்லும் சிற்பங்கள். கீழே இறங்கினால் அந்தப் பெயர்ப் பலகை முன் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். யாருடைய நினைவுச் சின்னத்தைப் பார்த்தாலும் "இது எப்போது எழுதியது, எழுதியவர் பார்த்து எழுதினாரா" என்று இரண்டு கேள்வி கேட்கும் பழக்கத்தை எனக்கு அந்தப் பலகைதான் கொடுத்தது.